வாய்க்கால் ஓரத்து அங்கன்வாடிக்கு ஒரு கதவு

அங்கன்வாடி மையம் என்றால் சுற்றுச்சுவரும், தாழிடக்கூடிய வெளிக்கதவும் இருக்க வேண்டும். இது விதி. எங்கள் ஊர் மையத்துக்குச் சுவர் உண்டு. கதவு இருந்த இடத்தில் இரண்டு கீல்கள் மட்டும் உண்டு. அங்கிருந்து இருபது தப்படி வைத்தால் வாய்க்கால்.

பேத்திக்கு மூன்று வயது முடிந்த மாதம்தான் மருமகளுக்கு அந்தியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. பார்மசி படித்துவிட்டு நான்கு வருடம் வீட்டில் இருந்தவள். இரண்டு மாதத்தில் சேர வேண்டும். மகனுக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிறு மட்டும்தான் வருவான். குழந்தையை என்னிடம் விட்டுப்போக அவளுக்குச் சம்மதமில்லை. என் முழங்கால்களுக்கும் சம்மதமில்லை.

முதலில் பவானியில் ஒரு ப்ளே ஸ்கூலுக்குப் போனோம். குழந்தைகளுக்குத் தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது என்பதால், அவர்கள் அதை 'இன்டராக்‌ஷன்' என்றார்கள். ஒரு அம்மையார் ஆப்பிள் படத்தைக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்றார். பேத்தி படத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள், நிஜமான இரக்கத்தோடு.

இடம் கொடுத்தார்கள். ஆனால் வேன் ஏழு மணிக்கே வந்து, வழியில் உள்ள ஊரையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் பவானி போய்ச் சேரும். மருமகள் ஒருநாள் அதில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எனக்கே வாந்தி வந்துருச்சுங்க மாமா. புள்ளைக்கு வேண்டாமுங்க."

அங்கன்வாடிக்குச் சும்மா பார்க்கத்தான் போனோம். பேத்தி மரக்கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எங்களைப் போகச் சொல்லிவிட்டாள். டீச்சர் நல்லவர். ஒவ்வொரு பிள்ளையும் முட்டையில் மஞ்சள்கருவைத் தின்னுமா, வெள்ளையைத் தின்னுமா என்பதுவரை அவருக்குத் தெரியும்.

"எல்லாம் நல்லாருக்குதுங்க மாமா. கதவு?" என்றாள் மருமகள்.

"மனு போடறேன் அம்மணி."

"எத்தன நாளாகும்?"

"விதிப்படி முப்பது நாள்."

"இத்தன வருசம் கவர்மென்டு ஆபீசுல இருந்தீங்களே, முப்பது நாள்ல நீங்க யாருக்காச்சும் பதில் போட்டிருக்கீங்களா?"

அந்தக் கேள்வியை நிலுவையில் வைத்தேன்.

கட்டடம் தங்களுடையது, சுவர் ஊராட்சியுடையது என்றது ஓர் அலுவலகம். சுவர்தான் எங்களுடையது, அதில் உள்ள இடைவெளி எங்களுடையதல்ல என்றது ஊராட்சி. இரண்டுக்கும் நகல் அனுப்பி, ஒப்புகை அட்டைகளைப் பத்திரப்படுத்தி, நினைவூட்டு ஒன்றும் போட்டேன். வேலையில் சேர ஒரு வாரம் இருக்கும்போது மருந்துக்கடையில் இருந்து போன் வந்தது. "ரெண்டு நாள்ல சொல்லிப்போடறேனுங்க," என்றாள் மருமகள். வேண்டாம் என்று சொல்லப்போகிறவளின் குரல் அது.

மறுநாள் காலை அவளே வந்து கேட்டாள். "கவர்மென்டு செவுத்துல ஆணி அடிச்சாத்தானுங்க தப்பு? எதையாச்சும் சாத்தி வெச்சா?"

யோசித்துப் பார்த்தேன். சாத்தி வைப்பதற்குத் தடை எதுவும் என் நினைவில் இல்லை. எங்கள் ஆட்டுப்பட்டிக்குப் புதிதாக வாங்கிய மூங்கில் படல் ஒன்று சும்மா கிடந்தது. அவளும் இன்னும் மூன்று தாய்மாரும் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கீலில் கயிறு போட்டுக் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கொக்கி வைத்தார்கள்.

"சார், பாப்பா காலேஜ் போறதுக்குள்ள உங்க இரும்புக்கதவு வந்துருமுங்க. அதுவரைக்கும் இது போதும்," என்றார் டீச்சர்.

பேத்தி இரண்டு கையாலும் படலைத் தள்ளிப் பார்த்தாள். "ஆடு தாண்டாதுங்களா?"

"ஆடே தாண்டாது கண்ணு," என்றேன்.

"அப்பச் சரிங்க," என்று உள்ளே போய்விட்டாள். மருமகள் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அந்தியூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

பிறகு பதில் வந்தது. மையத்தை நேரில் ஆய்வு செய்ததில், நுழைவாயிலில் கதவு நல்ல நிலையில் இருப்பது கண்டறியப்பட்டதால், மனுதாரரின் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறதாம். வேலை முடிந்து வந்த மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டாள். உறையின் மேல் கடிதம் கிடைத்த தேதியைக் குறித்து, கோப்பில் சேர்த்தேன்: ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.