காசாளரின் இத்தா

தொழிற்சட்டப் பயிற்சிக்கு மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் இருந்தது. கல்முனையில் அவருடைய புடவைக் கடையில் நான் முகாமையாளர். ஆள் எடுப்பது, லீவு, சம்பளம், எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மச்சான் என்றால் என் மனைவியின் காக்கா, மூத்த சகோதரர். நாங்கள் குடியிருக்கும் வீட்டைத் தங்கைக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தவரும் அவரே. அவர் கல்யாணம் முடித்து இருப்பதும் அதே ஒழுங்கையில். அவருடைய வாசலைத் தாண்டாமல் எனக்கு வெளியே போக வழியில்லை.

பயிற்சி நடக்கும் ஒலுவில் பக்கம் வான் வண்டி திரும்பும்போது மச்சான் சொன்னார்:

"அந்த கேஷியர் புள்ள வாராம ஒரு மாசத்துக்கு மேல. இண்டைக்கு இவங்கட்டக் கேட்டுத் தெளிவாகுவம். அவ வேலய விட்டுட்டா எண்டு நாளைக்குக் கடிதம் போகணும். நீங்கதான் கையெழுத்து வைக்கணும்."

"அவ இத்தாவில இரிக்கா மச்சான்."

"இல்லண்டு நான் செல்லல்லியே. கேஷில ஆர் இரிக்கிற?"

காசாளரின் கணவர் நெஞ்சுவலியில் திடீரென்று மௌத்தாகியிருந்தார். கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில், நான்கு மாதமும் பத்து நாளும் அந்தப் பெண் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. அந்தச் சம்பளத்தைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. ஜனாஸாத் தொழுகையில் மச்சான் முன் வரிசையில் நின்றதை நான் பின்னால் நின்று பார்த்தேன்.

பயிற்சி நடத்த வந்தவர் கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி. ஓய்வுபெற்ற தொழில் அதிகாரி. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. ஏற்பாட்டாளர்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோது மச்சான் கையை உயர்த்தினார். "எங்கட மச்சான் செல்லுவார். கண்டியில வேல செஞ்ச ஆள்." அவருக்குப் பெருமை. நான் மைக்கோடு மேடையில் நின்றேன். கீழே கடைக்காரர்கள், ஆலைக்காரர்கள், அவர்களுடைய முகாமையாளர்கள். பெரும்பாலும் தெரிந்த முகங்கள்.

தேநீருக்கு முன் மச்சான் எழுந்தார்.

"ஒரு ஆள் ஒரு மாசமா வேலைக்கு வரல்ல. அவ விட்டுட்டுப் போனதா நாம எழுதேலுமா?"

கேட்டபடியே சிங்களத்தில் சொன்னேன். ஏன் வரவில்லை என்பது முதலாளிக்குத் தெரியுமா என்று அந்தப் பெண்மணி கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன்.

மச்சான் என்னையே பார்த்தார். "தெரியா எண்டு செல்லுங்க."

பின்வரிசையிலிருந்து ஓர் அரிசி ஆலைக்காரர் சத்தம் போட்டார். "ஹாஜியார், அந்தப் புள்ள இத்தாவில இரிக்கிறது ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் ஆரும் செல்லல்லியா?"

மண்டபம் சிரித்தது. மச்சானும் சிரித்தார். தமிழ் தெரியாதவர் அங்கே ஒருவர்தான். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர் என்னிடம் கேட்டார்.

தெரியாது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மச்சான் சொல்லச் சொன்னதும் அதைத்தான். நான் இருவர் சொன்னதையும் வந்த வரிசையில் மொழிபெயர்த்தேன். சொல்லும்போது மச்சானின் பக்கம் பார்க்கவில்லை.

பெண்மணி நிதானமாகப் பதில் சொன்னார். ஒருவர் வேலையைக் கைவிட்டார் என்பதற்கு இரண்டு விடயம் வேண்டும். ஆள் வராமல் இருப்பது ஒன்று. இனி வருவதில்லை என்ற எண்ணம் மற்றது. அரச ஊழியருக்கு இத்தா லீவு இருக்கிறது, தனியார் துறைச் சட்டத்தில் அது இல்லை. ஆனாலும் காரணம் தெரிந்த முதலாளி, ஆள் ஓடிவிட்டார் என்று எழுத முடியாது. அவராக விரும்பி விலகினால் வேறு. வற்புறுத்தி எழுதி வாங்கினால் அது வேலைநீக்கம்தான். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன்.

திரும்பும்போது வானில் மச்சான் கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவவா எழுதித் தந்தாச் சரி எண்டுதானே அந்த மனிசி சென்ன?"

"நாம கேட்டு வாங்கினா நாம நிப்பாட்டின மாதிரி. அதையும் சென்னவ."

"நாம ஏன் கேக்கிற? ஆம்புளயள் அங்க போகவும் ஏலா. தங்கச்சி அவவப் பாக்கப் போவாதானே. சும்மா கதையோட கதையா கேக்கட்டும்."

காலையில் என் கையெழுத்தைத்தான் கேட்டிருந்தார். மாலையில் என் மனைவியையும் கேட்டுவிட்டார். வான் கண்ணாடி ஏற்றியிருந்தது. இறக்கச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லவில்லை.

வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னேன்.  மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் சீனியும் பால்மாவும் எடுத்துக்கொண்டு காசாளரின் வீட்டுக்குப் போனாள். வழமையாக அந்த நேரத்தில் நான் நாட்குறிப்பு எழுதுவேன். அன்று தேதியை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது வந்தாள்.

"கேட்டியா?"

"அவதான் கேட்டா. 'ராத்தா, என்ட வேல இரிக்கா, வேற ஆரையும் போட்டுட்டாங்களா' எண்டு."

"நீ என்ன சென்ன?"

"இரிக்கி, இத்தா முடிய வாங்க எண்டு சென்னன். இனி நீங்களும் காக்காவும் பாத்துக்குங்க."

காலையில் ஒரு கடிதம் தயாரித்தேன். சாரிப் பகுதியில் நிற்கும் பெண், காசாளர் திரும்பி வரும்வரை தற்காலிகமாக அந்த இடத்தில் இருப்பார் என்று. மச்சானின் மேசையில் வைத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

"இது ஆர்ர யோசன?"

"உங்கட தங்கச்சி அங்க வாக்குக் குடுத்துட்டா."

"அவ ஆரு என்ட கடைக்கு வாக்குக் குடுக்க?"

"அத நீங்கதான் அவட்டக் கேக்கணும் மச்சான்."

அவர் கேட்கமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கையெழுத்து வைத்தார். கடிதத்தை என் கையில் தராமல் மேசையில் தள்ளிவிட்டார்.

இத்தா முடிந்து காசாளர் ஒரு சனிக்கிழமை வேலைக்கு வந்தார். மச்சான் உரத்த குரலில், கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். என்னை இப்போது கடையில் மச்சான் என்று கூப்பிடுவதில்லை. மெனேஜர் என்கிறார். காசாளர் பத்து நிமிடம் பிந்தினாலும் "மெனேஜர், நேரத்தப் பாத்தீங்களா?" என்று கேட்கிறார்.

போன வாரம் அக்கரைப்பற்றில் ஒரு கடையிலிருந்து என்னை வேலைக்குக் கேட்டார்கள். சம்பளமும் பரவாயில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"போங்க," என்றாள். "ஆனா உங்கட கதிரையில வாற ஆள் முதல்ல எந்தக் கடிதத்தில கையெழுத்து வைப்பான், அதயும் செல்லிட்டுப் போங்க."

அக்கரைப்பற்றுக்காரருக்கு ஏலாது என்று சொல்லிவிட்டேன்.