என் கைக்கு இளகாத கட்டி

2003-ஆம் வருடம் தை மாதம் என் மனைவி செல்வியின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, ஒரு கட்டி வந்தது. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வருடம் நாங்கள் பட்ட பாட்டை, மாரியம்மனை நம்பும் உங்கள் முன்னால் மறைக்காமல் சொல்கிறேன். என் தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாழை விவசாயம். நெறி கட்டினால் தடவிவிடுகிற வேலையும் எனக்கு உண்டு. காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல்வலி வந்தால் தாடைக்குக் கீழே கட்டும். விளக்கெண்ணெய் தொட்டு மூன்று நாள் தடவி, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போடுவேன். அமுங்கிவிடும். பெரும்பாலும் அது தானாகவே அமுங்கக்கூடியதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது கைராசிக்காரன் என்று ஊர் சொன்னது, நானும் நம்பினேன்.

செல்வியின் கழுத்தை முதல்நாள் தொட்டபோதே என் விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. சாதாரண நெறி விரலுக்கடியில் வழுக்கும், தொட்டால் வலிக்கும். இது கொட்டைப்பாக்கு மாதிரி இறுகி, இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "வலிக்கவே இல்ல மாமா" என்றாள். ஆத்தா வலியை எடுத்துவிட்டாள் என்று பொங்கல் வைத்து நன்றிகூடச் சொல்லிவிட்டேன். என்னைப் போல ஒரு மூடன் உண்டா?

நாற்பது நாள் தடவினேன். கட்டி இளகவில்லை. அவள்தான் நாளுக்கு நாள் மெலிந்தாள். அவளுடைய அண்ணன் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, மதுரைக்குக் கூட்டிப் போவோம் என்றார். ஊருக்கெல்லாம் தடவுகிறவன் தன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? என் வீட்டு விஷயத்தில் தலையிட வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன்.

பங்குனியில் அவள் அக்குளில் இன்னொரு கட்டி வந்தது. சேலை நனைய நனைய வேர்த்தது. அன்று செவ்வாய்க்கிழமை. கோயிலுக்கு ஓடிப்போய் விழுந்தேன். "ஆத்தா, என் கைராசிய நீயே எடுத்துக்க. அவள மட்டும் எனக்கு விட்டுரு" என்று வாய்விட்டு அழுதேன்.

எழுந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் ஜீப் நிற்கிறது. நான் விரட்டிவிட்ட அதே மச்சான்.

"நீங்க திட்டுனாலும் பரவால்ல மாப்ள. ஊர்க்காரக என்னவும் பேசிட்டுப் போறாக. தங்கச்சிய ஏத்தாம இங்கன இருந்து நகரமாட்டேன்."

தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் ஜீப்பில் ஏறினேன், வீட்டுக்குப் போய்ச் செல்வியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

மதுரையில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, நெறியிலேயே புற்றுநோய் என்றார்கள். இடி விழுந்த மாதிரி இருந்தது. யார் தடவியது என்று டாக்டரம்மா கேட்டார். நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. "நோய் இருக்குற எடத்தச் சுத்தி சதை இறுகிப் போகுது. அந்த இறுக்கமே நோய் வளரத் தோதா ஆயிருது. கையால தடவி அத இளக்க முடியாதுங்க. மருந்து உள்ள போகட்டும், பாப்போம்" என்றார்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். திரும்பும் பஸ்ஸில் ஆண்டிபட்டி வருவதற்குள் நாலு தடவை வாந்தி எடுப்பாள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. அவள் கழுத்தைத் தொட மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஆத்தாவிடம் தினமும் ஒரே வேண்டுதல்தான், அதை இளக்கிக் கொடு என்று.

நான்காவது மருந்து ஏற்றித் திரும்பிய அன்று, ஆண்டிபட்டி தாண்டியும் அவள் வாந்தி எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள்.

"பயப்படாம தொட்டுப் பாருங்க மாமா."

தேடித்தான் கண்டுபிடித்தேன். மிளகு அளவில் என்னவோ விரலுக்கடியில் வழுக்கியது. பஸ் என்றும் பாராமல் அழுதேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேனா என்று கண்டக்டர் வந்து விசாரித்தார்.

வைத்தியம் முழுதும் முடிய கார்த்திகை ஆனது. இப்போது 2010. செல்வி நன்றாக இருக்கிறாள். இந்தச் சித்திரையில் தீச்சட்டி எடுத்தாள். நெறி என்று இன்றும் என்னிடம் வருகிறார்கள். தொட்டுப் பார்ப்பேன், எண்ணெய் தொடுவதில்லை. கல்லாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்தில் அமுங்காவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். போகமாட்டேன் என்று அடம்பிடித்த கடமலைக்குண்டுக்காரர் ஒருவரை நானே பஸ் ஏற்றிக் கூட்டிப் போனேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மச்சானை ஆத்தாதான் அனுப்பினாள் என்றால், அதற்கு முன்பு என் வீட்டுக்கு வந்தவரை அனுப்பியது யார்? நான் கேட்பதற்கு முன்பே அவள் கொடுத்திருக்கிறாள். நான்தான் திருப்பி அனுப்பினேன். அப்படியும் கோபித்துக்கொள்ளாமல் அதே ஆளை மறுபடி அனுப்பினாள். கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அவளை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, வாசலுக்கு வருகிறவர்களை உள்ளே விடுங்கள்.