கழுதைக்கு வலை விரித்த வின்சன்ட்

முழங்கால் வீங்கிய வின்சன்ட்டை ஆறு மாதத்துக்குக் கடல் பக்கம் போகக்கூடாதென்று டொக்டர் மறித்துவிட்டார். ஓலைத்தொடுவாய் என்ற தீவுக் கிராமத்தில், கரையில் குந்தியிருக்கும் மீனவனுக்குக் கை சும்மா இருக்குமா? மனைவி மார்த்தா நண்டுக்கு ஐஸ் போட்டு அடுக்கும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டிகளில் ஆறைத் தூக்கி முற்றத்தில் வைத்து, மண் நிரப்பித் தக்காளி நட்டான். ஐஸ்தண்ணீர் வடிகிற ஓட்டை அடியில் ஏற்கெனவே இருந்தது பெரிய வசதி.

“நண்டுப் பருவம் தொடங்கிற அண்டைக்கு ஒரு பழம் காட்டுங்கோ, பெட்டி உங்களுக்கு. இல்லாட்டி மண்ணைக் கொட்டிப்போட்டு எடுத்திடுவன்,” என்றாள் மார்த்தா.

“ஒண்டென்ன, கூடை கூடையாக் காட்டுறன்!”

மீனில் பட்டதெல்லாம் பசளைதான் என்பது வின்சன்ட்டின் வேதம். கருவாட்டுக்கு மீன் ஊறிய உப்புத்தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினான். மூன்றாம் நாளே கன்றுகள் கருவாடாகிவிட்டன. அதில் ஒன்றைக் கடித்த ஊர்க் கழுதை ஒன்று தாகம் தாங்காமல் தலைமன்னார்வரை கிணறு தேடி ஓடியதாம். பார்த்தவர்கள் சொன்னார்கள், நான் சொல்லவில்லை.

வின்சன்ட் பெட்டிகளைக் கழுவினான். பெருநிலத்தில் வயல் செய்யும் சிநேகிதன் பரமநாதன் நல்ல மண்ணை உரப்பைகளில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். இரண்டாம் நடவு பிடித்தது, பூத்தது, பிஞ்சும் விட்டது. உடனே தீவிலுள்ள கழுதைகளுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. வேலியடைக்கத் தெரியாத வின்சன்ட், தெரிந்ததைச் செய்தான்: பழைய நண்டு வலையை ஆறு பெட்டிகளையும் சுற்றி வளைத்துக் கட்டினான்.

பருவம் தொடங்கிய அன்று காலை, அந்த வலையில் ஒரு கழுதை பட்டுவிட்டது. மூக்கும் முன்னங்காலும் சிக்கி, அது பின்னால் இழுக்க, பெட்டிகள் சரியத் தொடங்கின. ஊரே வந்து நின்று சிரித்தது.

“வின்சன்ட் அண்ணை, இதுக்கு ஐஸ் போடுறதோ, உப்புப் போடுறதோ?”

வின்சன்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு இழுவை, ஆறு மாதப் பாடும் மண்ணோடு மண். கத்தியோடு நொண்டிக்கொண்டு ஓடினான்.

“வலையை வெட்டாதேங்கோ!”

பெட்டி எடுக்க வந்த மார்த்தாதான். இருபது வருசமாக வலையில் நண்டு கழற்றிய விரல்கள் அவளுடையவை. கழுதையின் காதுக்குள் ஏதோ சொன்னாள். மூக்கைக் கழற்றினாள், காலைக் கழற்றினாள். நூல் ஒன்றும் அறவில்லை, பிஞ்சு ஒன்றும் உதிரவில்லை. கழுதை வெட்கப்பட்டுப் போனது.

பெட்டிகளைச் சுற்றி வந்து பார்த்தாள். எல்லாம் பச்சைக்காய், பழமென்று ஒன்றுமில்லை. வின்சன்ட் தலையைக் குனிந்தான்.

“எடு மார்த்தா. பேச்சு பேச்சுத்தானே.”

“விசரே உங்களுக்கு? காய் சுமந்து நிக்கிற பிள்ளைத்தாச்சிய ஆரும் வீட்டை விட்டு எழுப்புவினமே? நான் அக்காவிட்டை நாலு பெட்டி கேட்டு வாங்குறன்.” வாசல் படலைவரை போனவள் திரும்பினாள். “அந்த வலைய இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கோ. நண்டுக்குக் கட்டின மாதிரித் தாழக் கட்டினா, கழுதை படாமல் என்ன செய்யும்?”