மைக்கம்மாவும் மேலாளரின் மீசையும்

விமான நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்கம்மா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஆறாம் கேட்டில் நின்று, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், தூங்குகிற ஆள்கூட எழுந்து பையைத் தேடுவார். சும்மா சொல்லக்கூடாது, கணீரென்ற குரல். அதன்மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறென்ன சொத்து இருக்கிறது அவளுக்கு?

அப்பேர்ப்பட்டவளுக்குக் காது போய்விட்டது.

ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் வாசல் மணி நின்றது. பிறகு குக்கர் விசில். அப்புறம் வீட்டுக்காரர் பேச்சு. அது நின்றதில் அவளுக்குப் பெரிய குறையொன்றும் தெரியவில்லை. அந்த மனுஷன்தான் தினமும் எதிரே வந்து நின்று, "டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடலாம், கிளம்பு" என்று கெஞ்சினார்.

"எனக்கென்ன கேடு? உங்க வாயைக் கழுவுங்க" என்று விரட்டிவிட்டாள்.

பயம்தான், வேறென்ன? காது கேட்காது என்று தெரிந்தால் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று நினைத்தாள்.

எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளப் பழகினாள். கெட்டிக்காரி. மொத்த விமான நிலையத்தையும் இப்படியே சமாளித்தாள், மேலாளரைத் தவிர. அவருக்கு மேலுதடே கிடையாது. அந்த இடத்தில் மீசைதான் இருந்தது. தினமும் சீப்பு போட்டு வாரி, எண்ணெய் தடவி வளர்த்த மீசை. அவர் பேசினால் அது மேலும் கீழும் ஆடும். அதிலிருந்து எந்த மகாராஜன் வார்த்தையைப் பிரித்தெடுப்பது?

ஒருநாள் மீசை ஆடியது, இவளும் தலையை ஆட்டினாள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இவளோ நூற்றைம்பது பேரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாள். பஸ் ஓடுபாதைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே நூற்றைம்பது பேரைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டியது.

மேலாளர் குதித்தார். மைக்கம்மா அவரைவிட ஒரு படி மேலே குதித்தாள்.

"வாயால சொன்னா காத்தோட போயிடும் சார். இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?"

பாவம் மேலாளர், ரொம்பக் கறாரான பொம்பளை என்று பயந்துபோய், ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கிக் கொடுத்தார். அவர் எழுதுவார், அவள் மைக்கில் படிப்பாள். ஆனாலும் பயணிகள் சும்மா விடுகிறார்களா? நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டு ஒரே நேரத்தில் வாயசைத்தால் அவள் எத்தனை உதட்டைத்தான் பார்ப்பாள்? பலகையை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தாள். எத்தனை மணிக்கு, எந்த வரிசை முதலில், தாமதமென்றால் எதனால், எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே எழுதிப்போட்டாள். யாரும் கிட்டே வந்து கேட்காமல் இருந்தால் போதும் அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர் பயணியாக வந்தார். பிறவியிலேயே காது கேட்காதவர். டிக்கெட்டில் அதைக் குறித்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். காதுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தமோ, கடவுளுக்கே வெளிச்சம். மனிதர் தன் பெட்டியை அதில் உட்காரவைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

புறப்படப் பத்து நிமிஷம் இருக்கையில் கேட் மாறியது. போன வருஷம் வேறொரு ஊரில் இப்படித்தான் மைக்கில் மட்டும் சொல்லி, அவர் விமானத்தைத் தவறவிட்டு, தன் அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கமுடியாமல் போயிருந்தது. இந்த முறை ஒரு பலகை தலைக்குமேல் உயர்ந்தது: "ஒன்பதாம் கேட். இப்பவே. ஓடாதீங்க, விமானம் நிக்கும்."

அவர் ஓடவில்லை. மைக்கம்மாவின் முன்னால் வந்து நின்று, அவள் கண் எல்லாருடைய வாயையும் மேய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மார்க்கரை வாங்கி ஓரத்தில் எழுதினார்: "உங்களுக்கும் கேக்காதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவசரமாக அழித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று எழுதினாள்.

"நான் போய் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்!" என்று எழுதிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தபடி போனார்.

ஒரு வாரம் கழித்து மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கையில் ஒரு கடிதம். காது கேட்காத பூட்டு ரிப்பேர்க்காரர் எழுதியது என்று மேலே போட்டிருந்தது. மைக்கம்மா அவ்வளவைத்தான் படித்தாள். பாவி, சொல்லமாட்டேன் என்றுவிட்டு எழுதித் தொலைத்தானே! மேலாளர் தலையைக் குனிந்துகொண்டு படிக்க ஆரம்பித்தார். மீசை ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது.

அவளால் பொறுக்கமுடியவில்லை.

"ஆமா சார், கேக்காது. ரெண்டு வருஷமா கேக்காது. அவர் எழுதினதெல்லாம் நிஜம்தான். மைக்கை மட்டும் எடுத்துடாதீங்க. பேசறதுக்கு வாய் போதும் சார், காது எதுக்கு?"

மேலாளர் நிமிர்ந்தார். கடிதத்தை அவள் பக்கம் மெதுவாகத் திருப்பினார். அதில் அவள் காதைப் பற்றி ஒரு எழுத்தில்லை. "உங்கள் ஆறாம் கேட்டில்தான் முதல்முறையாக நானும் ஒரு பயணி என்று தோன்றியது. மற்றக் கேட்டுகளிலும் அந்தப் பலகையை வையுங்கள்" என்று மட்டும் இருந்தது. வாயைக் கொடுத்துத் தானே மாட்டிக்கொண்டாள்.

மேலாளர் ஒரு தாளை இழுத்து எழுதினார்: "ரெண்டு வருஷமா நான் பேசினது?"

"ஒரு வார்த்தை விளங்கல சார். மீசைதான் ஆடிச்சு."

அவர் போகலாம் என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பெட்டிச் சீட்டு மூலைக்கு மனசைத் தேற்றிக்கொண்டுதான் வந்தாள். ஆறாம் கேட்டில் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சட்டை மேலாளருடையது. மூக்குக்குக் கீழே மட்டும் வெயில் படாத தோல், குழந்தைக்கு இருப்பதுபோல வெளுத்துக் கிடந்தது.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? நான்தான்" என்றார் மேலாளர். அவருக்கு உதடு இருந்தது. நல்ல உதடு, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "எல்லாக் கேட்டுக்கும் பலகை வாங்கியாச்சு. எப்படி எழுதணும்னு நீங்கதான் எல்லாருக்கும் சொல்லித்தரணும். சாயங்காலம் காது டாக்டரைப் பாருங்க. இப்ப மைக்கைப் பிடிங்க, ஜனம் நிக்குது. விளங்குதா?"

"விளங்குது சார்."

மைக்கம்மா மைக்கை எடுத்தாள். "பயணிகளின்..." என்றதோடு நின்றுபோனது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் குரல் வரவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பலகையில் எழுதித் தூக்கிப் பிடித்தாள். எல்லாரும் படித்துவிட்டு எழுந்து வரிசையில் வந்து நின்றார்கள்.