ஹால் டிவிக்குள் புகுந்த அம்பு

மவுஸ் அம்பு எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. லேப்டாப்பில் இல்லை, பக்கத்து மானிட்டரில் இல்லை. வெறி பிடித்தவள் மாதிரி மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தேன். "என்னம்மா, இன்னும் கிடைக்கலையா? கிளையன்ட் வெயிட் பண்றார்" என்று ஹெட்போனில் மேனேஜர் இழுத்தார். அம்பு ஹால் டிவியில் இருந்தது.

படுக்கையறை மேஜையில் மூன்றாவது திரைக்கு இடமில்லை. அதனால் நீளமாக ஒரு ஒயரை இழுத்து ஹால் டிவியோடு இணைத்துவிட்டேன். கதவைத் திறந்து வைத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். காலையிலிருந்து இரவு வரைக்கும் அதில் என் ஆபீஸ் எண்கள்தான் ஓடும்; மாமியார் சீரியல் பார்த்து மாதக்கணக்காகிறது.

அன்று கிளையன்ட் கால் முடிந்ததும் மேனேஜர் சொன்னார்: "அடுத்த டெமோலயும் இப்படித் தேடினீங்கன்னா, வீட்ல இருந்து பாத்தது போதும், தினமும் ஆபீசுக்கே வந்துடுங்க."

ஐயப்பன்தாங்கல் வீட்டிலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்கா! பஸ் டிப்போவிலேயே ஏறினால் சீட் கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போரூர் தாண்டுவதற்குள் உட்கார்ந்த இடம் மரத்துப்போகும். கல்யாணமான புதிதில் அப்படிப் போய் வந்தவள்தான் நான். வீடு திரும்பியதும் யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுவேன். மறுபடியும் அந்தப் பிழைப்பா? செத்தாலும் முடியாது.

இணையத்தில் தேடி, ஒரு சின்ன புரோகிராமைப் பிடித்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் அம்பு அடுத்த திரையின் நடுவில் போய் நிற்கும். லேப்டாப், மானிட்டர், டிவி, மறுபடி லேப்டாப். வாரம் முழுக்கத் தட்டிப் பழகினேன். அம்பு பறந்தது. இனி எவன் என்னை ஆபீசுக்குக் கூப்பிடுவான் பார்க்கலாம் என்று இருந்தேன்.

டெமோவை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வைத்துத் தொலைத்தார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். மாமியாரும் தெருவில் உள்ள ஆன்ட்டிகளும் ஹாலில் உட்கார்ந்து பாடுவார்கள். பாட்டு வரிகளை டிவியில் போட்டு, ஒவ்வொரு வரியாக அம்பை நகர்த்துவது என் வேலை. பாதிப் பேருக்குக் கண்ணில் புரை. அம்பு நிற்கும் வரிதான் அவர்களுக்குப் பாட்டு.

"இன்னைக்கு அம்பு வராது அத்தை, எனக்கு மீட்டிங். நீங்களே பார்த்துப் பாடிக்கோங்க" என்று வரிகளை மட்டும் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். புரோகிராமிலிருந்து டிவியை எடுத்துவிட வேண்டும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

டெமோ ஆரம்பித்தது. மானிட்டரிலிருந்து லேப்டாப்புக்குப் போக ஒரு தட்டு தட்டினேன். பல்லவி பாடிக்கொண்டிருந்த ஹால் சட்டென்று மூன்றாம் சரணத்துக்குத் தாவியது.

ஐயையோ! அம்பு டிவியில். பதறி மவுஸை மேலே தள்ளினேன். முதல் சரணம். கீழே இழுத்தேன். கடைசி சரணம். "இன்னாமா இது, எகிறி எகிறி ஓடிக்கினு கீது?" என்று ஒரு ஆன்ட்டி கேட்டார். "பாடு மே, நிறுத்தாத! இன்னைக்கு பரிசுத்த ஆவியானவர் வேகமா கீறாரு" என்றார் இன்னொருவர். மைக்கை மூடவும் வழியில்லை, நான்தானே பேசியாக வேண்டும்! வீட்டில் திருவிழாவா என்று கிளையன்ட் மரியாதையாகக் கேட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் நான் அம்பைத் தேடவே இல்லை. ஹாலில் பாட்டு கிளம்பினால் அது டிவியில் இருக்கிறது, ஒரு தட்டு. பாட்டு தடுமாறி நின்றால் என்னிடம் வந்துவிட்டது, வேலையைப் பார்க்கலாம். கண்ணுக்கு வேலையே இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் மவுஸ் ஓட்டியதில்லை. முடிக்கும்போது கைக்குட்டை நனைகிற அளவுக்கு வியர்வை.

கிளையன்ட் போனதும் மேனேஜர் மட்டும் லைனில் இருந்தார். "மவுஸ் இன்னைக்குப் பறந்துச்சும்மா. சூப்பர்!"

போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா அந்த வீட்ல எப்படிம்மா உக்காந்து வேலை பாக்குறீங்க? கேக்கவே பாவமா இருக்கு. திங்கள்கிழமையில இருந்து தினமும் இங்க வந்துடுங்க. நிம்மதியா பாருங்க."

எனக்கு உதவி செய்கிறாராம்! வந்த ஆத்திரத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஹாலுக்குப் போனேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். "தினமும் ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்க அத்தை" என்பது மட்டும்தான் வந்தது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி இரண்டு கையையும் தூக்கினார். "ஸ்தோத்திரம்! வாரா வாரம் அழுது அழுது கேட்டுக்கினு இருந்தியேக்கா, குடுத்துட்டாரு பாத்தியா!" என்று என் மாமியாரின் தோளை உலுக்கினார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் டிவியை மட்டும்தாம்மா கேட்டேன்" என்றார்.