கவிழ்த்து வைப்பவர்

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இன்பராணி நிமிர்ந்து பார்ப்பார். நீங்கள் அவர் அறைக்குள் நுழையும்போது மேசையில் என்ன இருந்தாலும் சரி, விடுப்பு விண்ணப்பமோ மருத்துவர் கடிதமோ கேண்டீன் விலைப்பட்டியலோ, எல்லாம் ஒரே வீச்சில் குப்புறப் படுத்துவிடும். கைப்பேசியும் அப்படித்தான். கணவர், பிள்ளைகளோடு எடுத்துக்கொண்ட படம்கூடச் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது. வாழையிலையில் சோறு போட்டாலும் கவிழ்த்துப் போட்டுத்தான் சாப்பிடுவார் என்று கேண்டீனில் நாங்கள் கேலி செய்வோம். காதில் விழுந்தால் அவரும் சிரிப்பார். "சாப்பாடுதானே லா, அத யாரு வேணும்னாலும் பாக்கலாம்," என்பார்.

பாசிர் கூடாங்கில், மின்விசிறிக்கு மோட்டார் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் அவர் மனிதவளப் பிரிவு அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர். பூப்போட்ட சட்டை, தட்டையான செருப்பு, சிரித்தால் தெரியும் ஒரு தெற்றுப்பல். நான் அடுத்த அறையில், பொருள் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அடுத்தவர் விஷயம் ஏதாவது தெரிந்துகொள்ளாத நாளில் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு பக்கத்து அறைக்காரரைக் கொடுத்திருக்கிறான் ஆண்டவன்.

அவரிடம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் சின்னச் சின்னச் சலுகைகள். ஒருவருக்கு இரவு வேலை வேண்டாம். ஒருவருக்குக் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இடம் வேண்டும். இன்னொருவருக்கு வார்னிஷ் வாசம் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்பது சின்னதாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் காரணம் சின்னதல்ல. அந்தக் காரணம் இரும்பு அலமாரிக்குள் போய்விடும். அலமாரிச் சாவி இன்பராணியின் கைப்பையில் ஜெபமாலையோடு சேர்ந்து கிடக்கும். வேலை வாங்கும் லைன் லீடருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி: இன்னாரை இன்ன இடத்தில் வைக்கவும். மேற்கொண்டு கேட்டால், "என்னா செய்யணும்னு ஒங்களுக்குத் தெரியணும். ஏன்னு தெரிய வேணாம்," என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அந்தத் தெற்றுப்பல் தெரியாது.

யாரையாவது தனியாகப் பார்த்துப் பேச வேண்டுமென்றால் அவரை மட்டும் கூப்பிட மாட்டார். கூடவே வேறு மூன்று நான்கு பேரையும் கூப்பிடுவார். ஒருவரிடம் வீட்டு முகவரி மாறிவிட்டதா என்று கேட்பார், ஒருவருக்குச் சீருடை அளவு எடுப்பார், ஒருவருடைய வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்ப்பார். நடுவில் ஒருவர் மட்டும் உள்ளே கொஞ்ச நேரம் கூடுதலாக இருப்பார். வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு எதுவும் வித்தியாசமாகப் படாது. எனக்கு ஒரே வருடத்தில் பல தடவை காலணி அளவு எடுத்தார். "அக்கா, எனக்கு இன்னும் காலு வளருதா?" என்று எரிந்து விழுந்தேன். "வளந்தாலும் வளரும் தம்பி," என்றார். யாரோ ஒருவருக்கு மறைப்பாக நான் நிறுத்தப்பட்டிருக்கிறேன் என்பது வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. யாருக்கு என்பது இன்றுவரை தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அவர் கணவர் பெர்னார்ட், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். தொழிற்சாலைக் குடும்ப நாளில் அவரைப் பிடித்து, வீட்டிலாவது ஏதாவது சொல்வாரா என்று கேட்டுப் பார்த்தேன். மனிதர் பெருமூச்சு விட்டார். "வீட்டுலயா? அலமாக்! நானே ஏதாச்சும் தெரியணும்னா அந்தோணியார்கிட்ட மெழுகுவத்தி ஏத்திட்டுக் கேக்கணும். மாதா கோயில்ல மன்றாட்டுக்குச் சீட்டு எழுதிக் குடுக்கும். எல்லாரும் பேரு எழுதுவாங்க. இது மட்டும் 'ஒரு பிள்ளைக்காக'ன்னு எழுதும். யாரு பிள்ளன்னு கேட்டா, மேல உள்ளவருக்குத் தெரியும், நீங்க சாப்புடுங்கங்கும்."

முன்பெல்லாம் இன்பராணி இப்படி இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் மருத்துவர் கடிதத்தோடு வந்து, வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். இன்பராணி அந்தக் கடிதத்தை அப்படியே லைன் லீடர் ஷாமளாவுக்கு அனுப்பி வைத்தார். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். ஷாமளாவை யாரும் குறை சொல்ல முடியாது. குரல் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. கடிதத்தைப் படித்துவிட்டு அழுதார். கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் நட்சத்திரத்தை எப்படியோ கேட்டு வாங்கி, வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை வைத்தார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் இருக்கிறார்கள். ஒரே பஸ், ஒரே சந்தை, ஒரே கோயில். ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னபோது, அந்தப் பெண்ணின் நாத்தனார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "எங்க அண்ணி பேருக்கு நீங்க ஏன் அர்ச்சனை பண்றீங்க?" என்று கேட்டார். ஷாமளாவுக்குப் பொய் வராது.

அந்தப் பெண் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. அதே மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் பெயரும் நோயும் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன், இன்பராணி இந்தப் பத்திரிகையை வாங்குகிறார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார். "ஷாமளா நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க. நானும் நல்லதுன்னு நெனச்சுத்தான் அனுப்புனேன். போனது அந்தப் பொண்ணு வேலை." அவ்வளவு சொல்லிவிட்டு, மேசையில் ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்த தாளை இன்னொரு தடவை அழுத்தி வைத்தார்.

இந்த ஆண்டு ஹரி ராயா பெருநாள் விடுமுறை முடிந்த வாரத்தில் அவர் என் மேசைக்கு வந்தார்.

"தீபன், எட்டு நாற்காலி வேணும். உயரமா. லைன் மேசைக்குச் சரியா இருக்கணும்."

"யாருக்குக்கா?"

"உக்கார்றவங்களுக்கு."

"எந்த லைன்?"

"மூனு."

என் மண்டைக்குள் மணி அடித்தது. மூன்றாவது லைனில் எட்டுப் பெண்கள் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறார்கள். தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து அங்கே நின்றுகொண்டேதான் வேலை. அப்படியென்றால் அந்த எட்டுப் பேரில் யாரோ ஒருவரால் நிற்க முடியவில்லை.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்னா போடட்டும்?"

"காலுன்னு போடுங்க."

"யாரு காலு?"

"எட்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியமே உற்பத்தி மேலாளர் விஜயன் இன்பராணியின் அறைக்கு வந்தார். பிளைவுட்டில் நான் காதை வைத்திருந்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு ஆளுக்குத்தானே முடியல? ஒரு நாற்காலி போடுங்க. யாருன்னு சொல்லுங்க, நானே பேசுறேன். நான் என்ன வெளிய போய் தமுக்கு அடிக்கவா போறேன்?"

"ஒன்னு போட்டா அது நாற்காலி இல்ல சார். நெத்தியில ஒட்டுற ஸ்டிக்கரு."

"ஷாமளாவுக்காச்சும் தெரிய வேணாமா? லைன பாக்குறது அவங்கதானே?"

இன்பராணியின் குரல் தணிந்து வந்தது. "காரணம் வெளிய வந்தா அன்னைக்கே வேலைய விட்டுருவேன்னு சொல்லிட்டாங்க சார். அவங்க ஒருத்தர் சம்பளத்துலதான் அந்த வீட்டுல அடுப்பு எரியுது. நிக்க வெச்சாலும் போயிருவாங்க. சொன்னாலும் போயிருவாங்க. இன்னொரு ஆள என்னால அப்படி அனுப்ப முடியாது."

விஜயன் கெட்டவர் இல்லை. முனகிக்கொண்டே மூன்று மாதச் சோதனைக்கு என்று கையெழுத்துப் போட்டார். கெலாங் பாத்தாவில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய நாற்காலிகளை லோரியில் ஏற்றி வந்தேன். சுழலும், உயரும், உட்கார்ந்தால் கிரீச்சிடும். கழுவித் துடைத்து, திங்கட்கிழமை காலை மூன்றாவது லைனில் ஆளுக்கு ஒன்று போட்டோம். விரும்பினால் உட்காரலாம் என்று அறிவிப்பும் ஒட்டினோம்.

ஒருத்திகூட உட்காரவில்லை!

எட்டுப் பேரும் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டே கம்பி சுற்றினார்கள். விஷயம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. யார் முதலில் உட்கார்கிறாரோ அவருக்குத்தான் நோய் என்று ஆகிவிடும். நாற்காலி வந்ததே யாரோ ஒருத்திக்காகத்தான் என்று பஸ்ஸிலேயே பேச்சு கிளம்பியிருந்தது. லைனில் சின்னவளான லோஷினி தன் நாற்காலியில் தோள்பையை மாட்டினாள். இன்னொருத்தி தண்ணீர்ப் புட்டியை வைத்தாள். மறுநாளும் அதே கதைதான். நாற்காலிச் சக்கரத்தைச் சரிபார்க்கிறேன், உயரத்தைச் சரிபார்க்கிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நான் கீழே போய்ப் போய்ப் பார்த்தேன். உதட்டைக் கடிப்பது யார், இடுப்பைப் பிடிப்பது யார் என்று துப்புத் துலக்கத்தான் முதலில் போனேன். பிறகு, ஒரு பெண் முட்டிக்குப் பின்னால் நாற்காலி உரசிக்கொண்டிருக்க, உட்கார முடியாமல் வலியோடு நிற்கிறார் என்ற எண்ணம் வந்தது. பெயர் தெரிய வேண்டும் என்ற அரிப்பு போய், யாராவது உட்கார்ந்து தொலைய மாட்டார்களா என்றுதான் எனக்கு இருந்தது.

அன்று சாயங்காலம் ஷாமளா மாடிக்கு வந்தார். கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருந்தாலும் அந்தக் குரல் கேட்டிருக்கும்.

"மேடம், யாருன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் கையப் புடிச்சு உக்கார வெக்கிறேன். கோயில் பக்கம்கூட போக மாட்டேன், சத்தியம்."

"சொல்ல முடியாது ஷாமளா."

"அப்ப அந்த ஆளு நின்னுக்கிட்டேதானே இருக்கும்? நிக்க முடியாதுன்னுதானே ஒங்ககிட்ட வந்துச்சு?"

"அதான் எனக்கும் தூக்கம் வரல," என்றார் இன்பராணி. பிறகு, "நீங்க உக்காந்தா என்னா?" என்றார்.

"நானா? நான் உக்காந்தா எனக்குத்தான் என்னமோன்னு ஊரே பேசுமே!"

ஷாமளா பேசாமல் இருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். போகும்போது கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வேலை தொடங்கும் முன்பே நான் கீழே போய்விட்டேன். இன்பராணியும் வந்து தூண் பக்கம், அறிவிப்புப் பலகை ஓரமாக நின்றார். லைனில் எல்லார் கண்ணும் ஓரமாக அவர் மேலேயே இருந்தது. யார் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் பார்வை எங்கே போய் நிற்கிறதோ அங்கே ஆள் இருக்கிறார். பழைய அரிப்பு திரும்பி எனக்கும் அதே கணக்குத்தான், மறைப்பானேன்.

ஷாமளா நேராக லோஷினியிடம் போனார். நாற்காலியில் தொங்கிய பையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, அதில் பொத்தென்று உட்கார்ந்தார். நாற்காலி அலறியது.

"என்னாக்கா, ஒடம்புக்கு என்னா?" என்று லோஷினி பதறினாள்.

"ஆரம்பிச்சுட்டாளா! காலு வலிக்குது லா. ஒனக்குக் காலு இல்லியா?" ஷாமளாவின் முகம் சிவந்திருந்தது. எட்டுப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "காலையிலேர்ந்து நிக்கிறோம், வீட்டுக்குப் போயும் அடுப்புகிட்ட நிக்கிறோம். நாற்காலி வந்தும் நிக்கணுமா? எனக்கு நோயின்னு பேசுறவங்க பேசிக்கோங்க, போ." எழுந்து, லோஷினியின் தோளைப் பிடித்து அதே நாற்காலியில் அழுத்தினார். "உக்காரு."

லோஷினி உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கீழே வைத்தார். ஒரு கிரீச். இன்னொரு கிரீச்.

இதுதான் சமயம் என்று நான் லைனை விட்டுவிட்டு இன்பராணியின் கண்களைத் தேடித் திரும்பினேன். கண்கள் கிடைக்கவில்லை, முதுகுதான் தெரிந்தது. லைனுக்கு முதுகு காட்டி, பலகைக்கு நேராக நின்றிருந்தார். எனக்குப் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிரீச்சிட்டன. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்பராணி மட்டும் திரும்பவில்லை. அவர் முன்னால் இருந்தது, நேபாளத் தொழிலாளர்களுக்காக அவர்கள் மொழியில் ஒட்டிய விடுதி அறிவிப்பு. அந்த எழுத்தில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, கடைசி வரி வரை படித்துக்கொண்டிருந்தார்.