நானூறு வாய்களும் ஒரு மாவு மில்லும்

மில்காரம்மா நஃபுனா மோட்டாரை நிறுத்தினால் வரிசையில் நிற்பவர்களுக்குப் புரிந்துவிடும், யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று. மக்காச்சோளப் பேசின்களை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் கிட்டே வருவார்கள். புருவம் வரை மாவு படிந்த நஃபுனா, தோளில் கிடக்கும் துணியால் கைபேசியைத் துடைத்து, மாட்டியவரிடம் நீட்டுவார்.

"நீ எழுதினதுதானே? உன் வாயாலயே படி. எல்லாரும் கேக்கட்டும்."

நக்குரு நகரின் ஓரத்தில் இருக்கும் எங்கள் குடியிருப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நானூறு பேர், ஆறேழு இனத்தார், அத்தனை பேருக்கும் வாய் உண்டு. அட்மின் நஃபுனா. அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. களி கிண்டாத வீடு எங்கள் பக்கம் கிடையாது, அதனால் எல்லோரும் அவருடைய மில்லுக்கு வந்தே தீர வேண்டும். பொறுப்பு தானாக அவர் தலையில் விழுந்தது.

குழுவில் வருவதை அவர் அழிப்பதில்லை. புகார் வந்தால், எழுதியவரை மில்லுக்குக் கூப்பிடுவார். வரிசைக்கு முன்னால் வாய்விட்டுப் படிக்க முடிந்தால் எழுதியது குழுவிலேயே இருக்கும். நாக்கு ஒட்டிக்கொண்டால், எழுதியவரே அதை அழிக்க வேண்டும். போன வருடம் நானே மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி ஆத்திரத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அவளும் பேசினோடு நின்றிருந்தாள். இரண்டாவது வரியிலேயே எனக்கு இருமல் வந்துவிட்டது.

"இருமி முடிச்சாச்சா? இப்ப அழி" என்றார் நஃபுனா.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. யாருடைய வீட்டையாவது அடையாளம் சொல்லி, 'அங்கே போங்கள்' என்று ஒரு செய்தி வந்தால், அரைப்பதைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் கையாலேயே அழிப்பார். அடுத்த நிமிடம் அந்த வீட்டுக்குப் போன் செய்வார். 2008 தேர்தல் கலவரத்தில் அவருடைய அண்ணன் வீட்டு அடையாளத்தோடு ஒரு குறுஞ்செய்தி ஊரெல்லாம் சுற்றியது. கைக்கு வந்ததை ஆளாளுக்கு அடுத்தவனுக்கு அனுப்பினார்கள். வீடு எரிந்தது. அண்ணன் வெளியே வரவேயில்லை.

"அனுப்புனவன்ல பாதிப் பேரு எங்கண்ணனுக்கு நேரா நின்னு அதச் சொல்லியிருக்க மாட்டான்" என்பார். அவர் அழமாட்டார். சல்லடையைத் தட்டிக்கொண்டே சொல்வார்.

இந்தத் தடவை தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, பைக் டாக்சி ஓட்டும் முரீதி ஒரு குரல் பதிவு போட்டான். வண்டியைவிட வேகமான வாய் அவனுக்கு. வார்டு உறுப்பினர் ரிப்பன் வெட்டித் திறந்த ஆழ்குழாய்க் கிணறு மூன்றாம் நாளே நின்றுபோனது. அதன் பம்பு அவருடைய தோட்டத்தில் ஓடுவதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் உறுப்பினரின் இனத்தையே இழுத்துவிட்டான்.

மோட்டார் நின்றது. முரீதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். பம்பு, தோட்டம், ரிப்பன் எல்லாவற்றையும் பதிவில் இருந்ததைவிடச் சத்தமாகவே சொன்னான். "அவன் ஆளுங்களே திருட்டுக் கூட்டம், எல்லாரையும் மூட்டை கட்டி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். வரிசையில் மூன்றாவதாக நின்றவர் உருளைக்கிழங்கு விற்கும் செபியேகோ. உறுப்பினரின் இனம். அவருடைய மூட்டைகளைத் தினமும் சந்தைக்கு ஏற்றிப் போவது முரீதியின் பைக்தான்.

"ஏன் தம்பி நிறுத்திட்ட? மூட்டை கட்டுறதுல உன்னை விட்டா எனக்கு வேற ஆளு ஏது?" என்றார் செபியேகோ.

வரிசை சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. முரீதி தலையைக் குனிந்துகொண்டே பதிவை அழித்தான்.

"பம்பு விஷயம்?" என்றார் நஃபுனா.

"அத நூறு தடவ சொல்லுவேன் அக்கா."

"அப்ப அத மட்டும் திரும்பப் பேசிப் போடு."

போட்டான். நான்காம் நாள் எங்கள் பகுதியின் அரசாங்கத் துணைத் தலைவர் லங்காட் மில் வாசலில் பைக்கை நிறுத்தினார். கையில் வார்டு அலுவலகக் கடிதம். கெட்ட மனிதர் அல்ல, மேலே சொன்னால் கீழே வந்து சொல்கிறவர்.

"நெக்கேசா அம்மா, நமக்கு எதுக்கு வம்பு? பதிவ அழிச்சிட்டு, பேசினவன் நம்பரைக் குடுத்துடுங்க. இல்லேன்னா அட்மின் மேல கேஸ்ங்கறாங்க. அடுத்த மாசம் உங்க மில் லைசென்ஸ் வேற புதுப்பிக்கணும்."

நெக்கேசா நஃபுனாவின் மகள், அவளுடைய படிப்பும் சாப்பாடும் அந்த மில்லில்தான் ஓடுகிறது. அது எங்களுக்கும் தெரியும், லங்காட்டுக்கும் தெரியும். நஃபுனா மோட்டாரை நிறுத்தினார்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு ஐயா. கொண்டாந்தத நீங்களே படிங்க."

லங்காட்டுக்குக் கணீர்க் குரல், சந்தோஷமாகவே ஆரம்பித்தார். "ஆழ்குழாய் நல்ல முறையில் இயங்கிவரும் நிலையில்" என்ற இடத்தில் குரல் இறங்கியது. வரிசை முழுவதும் அவருடைய பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு மஞ்சள் தண்ணீர்க் கேன்கள் கட்டியிருந்தன.

"எங்க புடிச்சீங்க ஐயா?" என்று கேட்டார் செபியேகோ.

"பள்ளிவாசல் குழாயில" என்றார் லங்காட். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

நஃபுனா சிரிக்கவில்லை. "பம்பு தோட்டத்துல ஓடுதா இல்லையான்னு எனக்கும் தெரியாது ஐயா. உறுப்பினரை வரச் சொல்லுங்க. இதே இடத்துல நின்னு இல்லைன்னு சொல்லட்டும். அதையும் போடுறேன், ஒரு எழுத்து அழிக்க மாட்டேன்."

"சொல்லிப் பாக்கறேன். நம்பர்? வெறுங்கையோட என்னால போக முடியாதும்மா."

நஃபுனா கடிதத்தை வாங்கினார். மூட்டைகளில் பெயர் எழுதும் கரித்துண்டை எடுத்து, பின்பக்கம் நிதானமாகப் பத்து இலக்கம் எழுதினார். தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்திருந்த முரீதிக்கு முகம் வெளுத்தது.

லங்காட் எண்ணைப் படித்தார். பிறகு தலையைத் தூக்கி, மில் வாசலுக்கு மேலே பெயிண்டில் எழுதியிருந்த நஃபுனாவின் போன் எண்ணைப் படித்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். அதற்குள் நஃபுனா மோட்டாரைப் போட்டுவிட்டு, அடுத்த பேசினுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.